மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி

பாம்பன் பக்கம் பேங்க் மித்ராவா, அதாவது ஊருக்குள்ளயே பேங்க் வேலை பாத்துக் குடுக்குற ஏஜெண்டா இருக்கேன், பணம் போட எடுக்கன்னுதான் இந்த வேலைக்கு வந்தது, ஆனா தவறிப் போனவங்க பேப்பரைப் பிரிச்சுப் பாக்குற வேலைதான் மனசுல நிக்குது. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட துணிமணியெல்லாம் மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துருவாங்க, இல்ல கடல்ல விட்டுருவாங்க, பாஸ்புக்கும் அதோடவே போயிரும். அதான் சாவு விழுந்த வீடுன்னு தெரிஞ்சா நானே போய் கேக்குறது.

சின்னப்பாலத்துல பாசி எடுக்கப் போற ஒரு அம்மா நெஞ்சுவலில போயிட்டாங்க. மக ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வச்சா. முங்கும்போது போடுற கண்ணாடி, கால்ல கட்டுற தகரத் தட்டு, பாறை கிழிக்காம இருக்க விரல்ல சுத்துற துணி, அது உப்பேறி விரலோட வளைவுலயே வெறச்சுப் போய் கிடந்துச்சு. மரிக்கொழுந்து பாசி எடுத்தே இவளப் படிக்க வச்சவங்க. அந்தத் துணிய மட்டும் அவ மூட்டைல போடல, முந்தானைல முடிஞ்சுக்கிட்டா.

அடியில ரேஷன் கார்டு, குழு சேமிப்பு நோட்டு, பாஸ்புக். கடைசிப் பக்கத்துல மே மாசம் 436 ரூபா, 20 ரூபா பிடிச்சிருந்துச்சு. "பேங்க்ல சும்மா பிடிக்கிறாங்கன்னு அம்மா திட்டிக்கிட்டே இருக்கும்க்கா"ன்னா. 20 ரூபா விபத்துக் காப்பீடு மட்டும்தான், ஆனா 436 ஜீவன் ஜோதிங்கிற ஆயுள் காப்பீடு, நோய்ல செத்தாலும் 2 லட்சம் வரும்னு சொன்னதும் அப்படியே உக்காந்துட்டா. பணம் யாருக்குப் போகணும்னு எழுதுற நாமினி இடத்துல அவ அப்பா பேரு, அவரு எப்பவோ போய்ச் சேந்துட்டாரு. அதனால இப்ப வாரிசு சான்றிதழ் வாங்கணும்.

என்னால கேக்கவே முடியாத வீடும் இருக்கு. கடலுக்குப் போன ஆளு திரும்பல, உடலும் கிடைக்கல, 7 வருஷம் ஒரு தகவலும் இல்லாம இருந்தாத்தான் இறந்ததா சட்டம் எடுத்துக்கும்னு இருக்கு, அதுவரைக்கும் அவரு சட்டை ஆணியிலேயே தொங்கும். அங்க போய் பெட்டியத் திறங்கன்னு எந்த வாயால சொல்றது, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்துருவேன்.

இப்ப யாரு பணம் எடுக்க வந்தாலும் நாமினி யாரு, உயிரோட இருக்காங்களான்னு கேட்டுருவேன், சிலருக்குக் கோவம் வரும், பரவால்ல. 2025 நவம்பர்ல இருந்து பேங்க் கணக்குக்கு 4 பேரு வரைக்கும் நாமினியா போடலாம், மக பேரையும் சேத்து எழுதுங்கம்மான்னு சொல்றேன். அந்தச் சின்னப்பாலத்துப் பொண்ணு சான்றிதழுக்காக திங்கக்கிழம ராமேஸ்வரம் தாலுகா ஆபீஸ் போறா, நானும் கூடப் போறேன்.