இறக்கை என்ன வேலை செய்கிறது: பல்ப் கதைகளின் பறக்கும் கோரங்கள் குறித்த வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 3

1923 மார்ச்சில் 'வியர்ட் டேல்ஸ்' முதல் இதழ் வந்தது. அதிலிருந்து முப்பதுகளின் முடிவுவரை வந்த அமெரிக்க பல்ப் கதைகளில், அதாவது மலிவுத்தாள் இதழ்களில் வந்த கதைகளில், பறக்கும் பிராணிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இறக்கையை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்குமானால், அந்த இறக்கை அட்டைப்பட ஓவியருக்காக ஒட்டவைத்தது. நல்ல கதையில் இறக்கைக்கு ஒரு வேலை இருக்கும். அதைவிட முக்கியமாக, அதால் முடியாத ஒன்றும் இருக்கும். இந்த மறுவாசிப்பு முழுக்க அந்த இரண்டையும்தான் தேடப்போகிறேன்.

தொடக்கம் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் நைட்-காண்ட் என்ற பறக்கும் பிராணி. 1896 ஜனவரியில் அவருடைய பாட்டி இறந்ததும் வீடே துக்கத்தில் மூழ்கியது. ஐந்து வயதுச் சிறுவனின் கனவுகளில் இவை வரத் தொடங்கின. கூடத்தில் கிடைத்த மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியப் பதிப்பின் குஸ்தாவ் டோரே ஓவியங்களிலிருந்து உருவம் வந்திருக்கலாம் என்று அவரே கடிதத்தில் எழுதினார். கறுத்த ரப்பர் போன்ற தோல், கொம்பு, வௌவால் இறக்கை, முள்வால். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வழுவழுப்பு.

கடிக்காது, குத்தாது, சத்தம் போடாது. தூக்கிக்கொண்டு போகும், திமிறினால் கிச்சுக்கிச்சு மூட்டும். இறக்கையடிப்பில் கூட ஒலி கிடையாது. 1927 ஜனவரியில் எழுதி முடித்து, அவர் இறந்த பிறகு 1943இல் அச்சான காடத் கனவுப்பயணக் கதையில் இவை நாயகன் ரேண்டால்ஃப் கார்ட்டரை மலைச்சரிவிலிருந்து தூக்கிச் சென்று, எலும்புகள் குவிந்த பள்ளத்தாக்கில் போட்டுவிட்டுப் போகின்றன. அவ்வளவுதான் அவற்றின் வேலை. கொல்லாத பிராணி இத்தனை பயமுறுத்துவதற்குக் காரணம், தூக்கப்படுபவனுக்கு எதிர்த்துப் பேச ஒரு முகம்கூட அங்கே இல்லை.

அதே கதையில் ஷாண்டக் பறவைகளும் உண்டு. யானையைவிடப் பெரியவை, தலை குதிரையுடையது, இறகுக்குப் பதில் செதில். செதில் வழுக்குவதால் மேலே உட்கார்ந்து போவதே பெரும்பாடு. இத்தனை பெரிய பறவை நைட்-காண்டைக் கண்டால் நடுங்குகிறது. எது எதற்குப் பயப்படும் என்ற இந்த ஒரு விவரம்தான் பின்னால் கதையின் போக்கையே திருப்புகிறது.

ஜூன் 5

ராபர்ட் ஈ. ஹோவர்டின் 'விங்ஸ் இன் த நைட்', வியர்ட் டேல்ஸ், 1932 ஜூலை. பியூரிட்டன் வீரன் சாலமன் கேன் ஆப்பிரிக்கக் காட்டில் அகானா என்ற இனத்தைச் சந்திக்கிறான். ஒல்லியான மனித உடல், முதுகிலிருந்து கிளம்பும் சவ்விறக்கை. கிரேக்கக் கதையில் ஜேசனின் தோழர்கள் துரத்திய ஹார்பிகள் என்ற சிறகுப் பிராணிகள் இவைதான் என்று கேன் முடிவுக்கு வருகிறான்.

ஹோவர்ட் இங்கே செய்த நல்ல காரியம், சண்டையை ஆகாயத்திலேயே நடத்தியது. கேனைத் தூக்கிச் செல்லும் அகானாவை அவன் நடுவானில் குத்துகிறான். குத்தினால் இருவரும் விழவேண்டும், குத்தாவிட்டால் அவன் இரை. பறக்கும் எதிரியோடு போடும் சண்டையில் மட்டுமே வரக்கூடிய இக்கட்டு இது. பிற்கால எழுத்தாளர்கள் பலர் பிராணியைத் தரையிறக்கி வாள்சண்டை போடவைத்து இதைக் கைவிட்டார்கள்.

முடிவில் வெல்வதும் வாள் இல்லை. இறைச்சியைக் காட்டி ஒரு பெரிய குடிசைக்குள் கூட்டத்தையே வரவைத்து, கதவை அடைத்துத் தீ வைக்கிறான். கூரைக்குக் கீழே இறக்கை வெறும் சுமை. விரிக்க இடமில்லை, சவ்வு முதலில் பற்றும். இந்தப் பொறி சரியான பொறி. ஆனால் அதன்பிறகு 'ஆரிய வீரன்' பற்றி வரும் பத்திகள் அக்கால இனவாதத்தின் நேரடிக் குரல். ஊரையே இழந்த ஆப்பிரிக்கர்களின் துயரத்தை அவை மறைத்துவிடுகின்றன. அந்தப் பக்கங்களை எந்தச் சாக்கும் சொல்லாமல் குறையாகவே படிக்கவேண்டும்.

ஜூன் 6

உடற்கூறு பற்றிச் சிறு குறிப்பு. முதுகெலும்பு உள்ள பறவையோ வௌவாலோ எதுவானாலும் இறக்கை என்பது கைதான். வௌவாலுக்கு நான்கு நீண்ட விரல்களுக்கிடையே சவ்வு. டெரோசார் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவற்றுக்கு ஒரே ஒரு விரல். அகானாவுக்கோ கையும் இருக்கிறது, இறக்கையும் இருக்கிறது. ஆக மொத்தம் ஆறு உறுப்புகள், இரண்டாவது தோள்பட்டை ஒன்று, இழுக்கும் தசைக்கு மார்பில் ஒரு முகடு. பறவைகளில் பறக்கும் தசை மட்டுமே உடல் எடையில் 15 முதல் 25 சதவீதம் இருக்கும். எழுதுபவர் ஒல்லியான மார்பை வர்ணித்தால் வாசகரின் கண் அங்கேயே சந்தேகப்படும். முன்தள்ளிய மார்பு என்று ஒரு சொல் போதும், உடல் நம்பும்படி ஆகிவிடும்.

ஜூன் 9

லவ்கிராஃப்டின் 'அட் த மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்'. 1931இல் எழுதியது. வியர்ட் டேல்ஸ் ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் நிராகரித்தார். 1936 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் 'அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்' இதழ்களில் வந்தது. அண்டார்க்டிகாவில் கிடைக்கும் மூத்தோர் என்ற வேற்றுலக இனத்தின் உடல்களை விஞ்ஞானி லேக் வயர்லெஸ் செய்தியில் அளந்து சொல்கிறார். பீப்பாய் வடிவ உடல், 6 அடி நீளம், நடுவில் 3.5 அடி குறுக்களவு, முனைகளில் 1 அடி. ஐந்து புடைப்புகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் விசிறிபோல் விரியும் ஐந்து இறக்கைகள். சேதமாகாத ஒன்று விரித்தால் கிட்டத்தட்ட 7 அடி. சட்டகம் குழாய்களால் ஆனது, நுனியில் துளைகள், ஓரம் ரம்பப்பல்.

அளவு கொடுத்தால் கணக்குப் போடலாம். பீப்பாய்க்கான சூத்திரத்தில் போட்டால் கொள்ளளவு சுமார் 36 கன அடி, அதாவது ஏறக்குறைய 1 கன மீட்டர். சதை தண்ணீரின் அடர்த்தி என்று வைத்தால் எடை ஒரு டன். இறக்கை ஒவ்வொன்றுக்கும் தாராளமாக 2 சதுர மீட்டர் கொடுத்தாலும் மொத்தம் 10தான். சதுர மீட்டருக்கு 100 கிலோ சுமை. பறக்கும் பறவைகளுக்குப் பொதுவாகச் சொல்லும் உச்சம் சுமார் 25. ஆகவே இதற்கு 40 சதுர மீட்டர் வேண்டும். 10 மீட்டருக்கு மேல் இறக்கை விரிப்பு கொண்ட கெட்சால்கோட்லஸ் என்ற டெரோசாருக்கே பல மதிப்பீடுகள் 200 முதல் 250 கிலோதான் தருகின்றன.

லவ்கிராஃப்டோ இவை பெரும் உயரத்திலும் நெடுந்தூரமும் பறந்தன என்கிறார். கணக்கு பொய்க்கிறது, ஆனால் கதை கெடவில்லை. ஏனென்றால் அந்த இறக்கையின் உண்மையான வேலை விண்வெளியைக் கடப்பது. இந்த இனம் காலப்போக்கில் அந்தத் திறனை இழந்துவிட்டது. பூமியை விட்டுப் போக வழியில்லாமல், தாங்கள் படைத்த அடிமைப் பிராணிகளான ஷாகத்துகளிடமே மாட்டிக்கொண்டது. இறக்கை இருந்தும் தப்ப முடியாத ஒரு நாகரிகம். அந்தக் கதையில் என்னை உலுக்குவது பிராணியின் கோரத்தைவிட இதுதான்.

தன் கதைக்கு இப்படி அளவு கொடுப்பவர்களுக்கு ஒரு யோசனை: நீளத்தை இரண்டு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. பெரிதாக்க ஆசைப்பட்டால் முதலில் உடலை மெலியவைக்கவேண்டும்.

ஜூன் 10

லவ்கிராஃப்டின் 'த விஸ்பரர் இன் டார்க்னஸ்', 1931 ஆகஸ்ட். மி-கோ என்ற வேற்றுலகப் பிராணி: ஐந்தடி நீளம், இளஞ்சிவப்பு, ஓட்டுடல், சவ்விறக்கை. 1927 நவம்பரில் வெர்மான்ட்டில் உண்மையாகவே வந்த வெள்ளத்தில் இவற்றின் உடல்கள் மிதந்து வருவதாகக் கதை தொடங்குகிறது. இறக்கை ஈதரைத் தள்ளிப் பறப்பதற்கு; விண்வெளியை நிரப்பியிருப்பதாக முன்பு நம்பப்பட்ட ஊடகம் அது. பூமியில் அந்த இறக்கையால் சரியாகத் திரும்ப வராது. 1887இல் மைக்கல்சன்–மோர்லி சோதனைக்குப் பிறகு ஈதர் இயற்பியலில் தளர்ந்துபோனது. லவ்கிராஃப்ட் அதைத் தெரிந்தேதான் எடுத்திருப்பார் என்பது என் எண்ணம். விண்வெளிக்குச் சிறகு வேண்டுமென்றால் அது எதையாவது தள்ளியாகவேண்டும். 1930 மார்ச்சில் புளூட்டோ அறிவிக்கப்பட்டபோது எழுதிக்கொண்டிருந்த கதை இதுவே. மி-கோவின் உலகமான யக்கோத் புளூட்டோவாகிவிட்டது.

ஜூன் 14

ஹோவர்டின் 'குவீன் ஆஃப் த பிளாக் கோஸ்ட்', 1934 மே. வீரன் கோனனும் கடற்கொள்ளைக்காரி பெலிட்டும் நதிவழியே பாழ்நகரத்துக்குப் போகிறார்கள். அங்கே சிதைந்த பழைய இனத்தில் மிச்சமான ஒரு சிறகுக் குரங்கு. அதன் முதல் காரியம் யாரையும் தாக்குவதல்ல. எல்லோரும் புதையலைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கப்பலுக்குப் பறந்து குடிநீர்ப் பீப்பாய்களை உடைக்கிறது. தண்ணீர் தேடி ஆட்கள் காட்டுக்குள் போகவேண்டும்; கூட்டம் பிரிகிறது; பிரிந்தபின்தான் கொலை.

இந்தக் காட்சியை எழுத விரும்புபவர்கள் மனப்பாடம் செய்யலாம். பறப்பதால் கிடைக்கும் பெரிய வசதி உயரம் மட்டுமல்ல; காவலைச் சுற்றிப் போய் பின்பக்கத்தைத் தொடுவது. பிராணிக்குப் புத்தி உண்டு என்று ஒரு வரிகூட விளக்காமல் ஹோவர்ட் காட்டிவிட்டார்.

ஜூன் 15

கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தின் 'த மேக்கர் ஆஃப் கார்காயில்ஸ்', 1932 ஆகஸ்ட். 1138இல் வியோன் நகரத் தேவாலயத்துக்குச் சிற்பி செதுக்கிய இரண்டு கல்லுருக்கள் இரவில் உயிர் பெறுகின்றன. ஒன்றில் அவனுடைய வெறுப்பு, மற்றதில் காமம். இறக்கை இங்கே சிற்பியின் மனத்தை ஊர்மேல் கொண்டுசெல்லும் வாகனம். மொழி செறிவு, பயம் குறைவு.

ஜூன் 17

லவ்கிராஃப்டின் 'த ஹாண்டர் ஆஃப் த டார்க்', 1936 டிசம்பர். கறுத்த இறக்கை, மூன்று மடல் எரியும் கண். அதற்கு ஒரே தடை வெளிச்சம். தேவாலயக் கோபுரத்தில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தவன் மூடியைச் சாத்தியதும் உள்ளே இருள் கவிகிறது, அதுவே அழைப்பாகிறது. பிறகு பிராவிடன்ஸ் நகரின் தெருவிளக்குகள்தான் அதைக் கோபுரத்தில் கட்டிவைத்திருக்கின்றன. புயலிரவில் 2:12க்கு மின்சாரம் போகிறது. அந்நகரின் ஃபெடரல் ஹில் பகுதி இத்தாலிய மக்கள் மழையில் குடைக்கடியில் மெழுகுவர்த்தி பிடித்து தேவாலயத்தைச் சுற்றி நிற்கிறார்கள். எத்தனை பேர் எழுதியிருந்தாலும், பறக்கும் ஒன்றைத் தடுக்க ஊர் கூடி வேலி போட்ட காட்சிகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்றில்லை. விளக்கு அணையும்போது அது எந்தப் பக்கம் பறக்கும் என்பது வாசகருக்கு முன்பே தெரியும், அதனால்தான் படபடக்கிறது.

ஜூன் 19

எல்லாவற்றுக்கும் முந்தியது, எட்கர் ரைஸ் பரோஸின் மஹார்கள். 'ஆல்-ஸ்டோரி வீக்லி', 1914 ஏப்ரல். பூமியின் உள்ளே பெலுசிடாரை ஆளும் சிறகு ஊர்வன, ராம்போரின்கஸ் என்ற டெரோசார் வழிவந்தவை. எல்லாம் பெண். ஆண் இல்லாமலே முட்டையைக் கருவாக்கும் வேதியியல் முறை ஒன்று உண்டு. அந்த முறை எழுதப்பட்ட ஒரே நூல் களவு போனால் இனமே முடிந்தது. காது கேட்காது, ஆகவே மனிதர்கள் பக்கத்திலேயே பேசிச் சதி செய்யலாம். கோயிலுக்கு வழி கூரையில்: பறப்பவர் கட்டிய கட்டடத்துக்குக் கீழே வாசல் எதற்கு? உள்ளே குளத்தில் கண்பார்வையால் மயக்கி இரையை நீருக்குள் நடக்கவைக்கும் காட்சியில் இறக்கை மடங்கியே இருக்கிறது. ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தக் கூரை வாசலைப் பிற்காலக் கதைகள் பெரும்பாலும் மறந்துவிட்டன. சிறகு இனத்தின் நகரத்தை எழுதுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்: படிக்கட்டு இருக்காது, கைப்பிடிச்சுவர் இருக்காது, சிறையென்றால் மேலே வலை போட்டிருக்கும்.