எங்கள் தெருக்களின் வெள்ள வரைபடத்தை நாங்களே போட்டோம்

பேரிடர் திட்டம் என்பது யாரோ தயாரித்து அலமாரியில் வைக்கும் தடித்த கோப்பு என்றுதான் எங்கள் பகுதியில் பலரும் நினைத்திருந்தோம். ஆற்றை ஒட்டிய தாழ்வான குடியிருப்பு இது. வெள்ளம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், யார் யாரை அழைத்துக்கொண்டு எந்த வழியாகப் போவது என்பதை ஒரே தாளில் எழுதி வைத்ததில்லை. அந்தத் தாளைத் தயாரித்த அனுபவம்தான் இது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

அடிப்படை வரைபடம் கிடைப்பது இப்போது எளிது. 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தே போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் தெருக்களை அதில் வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் பலவும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தன. நாங்களும் எங்கள் பகுதியைப் பெரிய தாளில் அச்சிட்டு, விடுபட்ட சந்துகளைச் சேர்த்தோம்.

சிக்கல் உயரத்தில் வந்தது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பெயர்பெற்றது 2000-ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. அதில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். கூரையும் மர உச்சியும்கூடப் பல இடங்களில் தரையாகவே பதிவாகியிருக்கும். மலைப்பகுதிக்கு அது போதும். அரை மீட்டர் வித்தியாசம்தான் ஒரு வீடு நனைவதையும் தப்புவதையும் தீர்மானிக்கிற எங்கள் சமதளத்துக்கு அது உதவவில்லை.

அதனால் தெருத்தெருவாக நடந்தோம். பழைய வெள்ளத்தின் கறை எந்தச் சுவரில் இருக்கிறதோ அங்கே டேப்பை வைத்துத் தரையிலிருந்து அளந்தோம். கறை இல்லாத இடத்தில் வீட்டுக்காரரைக் கேட்டோம். எந்த வருடம் என்றால் பலருக்கும் குழப்பம். "உங்க மூத்த பையன் பிறக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டால் சரியாக வந்துவிடும். தெருக்களின் மட்டத்தை ஒப்பிட, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீளமான, உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தினோம். தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு முனையை ஒருவர் சுவரோரம் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் அடுத்த தெருமுனைக்குக் கொண்டுபோவார். ஆட்டம் நின்றதும் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். அங்கங்கே சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைவரை அளந்தால் எந்தத் தெரு எவ்வளவு தாழ்வு என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் இதை அவ்வளவு ஆர்வமாகச் செய்தார்கள்.

எங்கள் முதல் வரைவில் அம்புக்குறிகள் எல்லாம் ஆற்றிலிருந்து தெருக்களை நோக்கி இருந்தன. கடைசித் தெருவில் இருக்கும் ஒரு பெரியம்மா தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி அந்தப் பக்கத்திலேருந்து வராது. ஆறு கரையைத் தாண்டறதுக்கு முன்னாலேயே எங்க வீட்டுப் பின்னால சாக்கடையில பொங்கிடும்" என்றார். போய்ப் பார்த்தோம். வடிகால் ஆற்றில் சேரும் வாயில் கதவு இல்லை. ஆற்றின் மட்டம் அந்த வாயைவிட உயர்ந்ததும் வடிகாலே தண்ணீரை உள்ளே கொண்டுவருகிறது. ஆற்றிலிருந்து தள்ளி இருப்பதால் பாதுகாப்பானது என்று நாங்கள் நினைத்த தெருதான் முதலில் மூழ்குகிறது. அதன்பிறகு பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் வைத்தோம். ஆண்கள் சாலையையும் பாலத்தையும் வரைந்திருந்தார்கள். பெண்கள் எந்தக் குழாயில் வெள்ளத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் வரும், எந்தச் சந்தில் இருட்டில் குழந்தையோடு நடக்க முடியாது, தங்கப்போகும் கட்டடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்பதை வரைந்தார்கள். திட்டத்தின் பாதி அந்தத் தாளிலிருந்துதான் வந்தது.

பெரிய வாக்குவாதம், ஆபத்தான பகுதிகளுக்கு வரைபடத்தில் போட்ட சிவப்பு நிறத்தைப் பற்றி. "இதை மாட்டினா நாளைக்கு வீட்டை யார் வாங்குவாங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது. வாழ்நாள் சேமிப்பு அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் வரைபடத்தை மறைத்து வைப்பதால் என்ன ஆகும் என்பதையும் பேசினோம். கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையின் இடர் வரைபடம் 1985 அக்டோபரிலேயே தயாராகிவிட்டது. சேற்று வெள்ளம் அர்மேரோ நகரத்தை எட்டும் என்று அதில் இருந்தது. நவம்பர் 13 இரவு அப்படியே நடந்தது. மக்களை வெளியேற்றவில்லை. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். வரைபடம் இருப்பது வேறு, அதில் இருப்பதை மக்கள் தங்கள் விஷயமாக எடுத்துக்கொள்வது வேறு.

கடைசியில் 'ஆபத்தான பகுதி' என்ற பெயரையே எடுத்துவிட்டோம். முழங்கால், இடுப்பு, தலைக்கு மேல் என்று தண்ணீரின் ஆழத்தையும், அது எந்த வருட வெள்ளம் என்பதையும் மட்டும் போட்டோம். தங்கள் சுவரில் தாங்களே டேப் பிடித்து அளந்த எண் என்பதால் யாரும் மறுக்கவில்லை. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்தவர்களுக்கும் விளக்கினோம். ஒவ்வொரு வருடமும் அதற்கு 1 சதவீத வாய்ப்பு. ஒரே வீட்டில் 30 வருடம் குடியிருந்தால் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று.

அடுத்து, தனியாக நகர முடியாதவர்களின் பட்டியல். படுக்கையில் இருப்பவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், காது கேளாதவர்கள், கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் முதியவர்கள். இதைச் சுவர் வரைபடத்தில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. யார் வீட்டில் துணையில்லாமல் இருக்கிறார் என்பது ஊரெல்லாம் தெரிய வேண்டிய தகவல் அல்ல. சம்மதம் கேட்டுப் பெயர் வாங்கினோம். ஒவ்வொரு தெருவின் பட்டியலும் அந்தத் தெருவின் இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும் இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு துணை, ஏனென்றால் ஒரு துணை வெளியூரில் இருக்கலாம்.

வழிகளை முடிவு செய்யும்போது ஆழத்தோடு வேகத்தையும் பார்த்தோம். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரைத் தள்ளிவிடும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும். அதனால் குறுக்குவழியான சிறுபாலத்தை நீக்கிவிட்டு, சுற்றுவழியை எடுத்தோம்.

வரைபடத்தின் எல்லைக்கோட்டை அப்படியே நம்பக்கூடாது என்பதை ஒத்திகைக்கு முன் எல்லோரிடமும் சொன்னோம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் சுனாமி வந்தபோது, இஷினோமாகியின் ஒகாவா தொடக்கப்பள்ளி வரைபடத்தில் வெள்ள எல்லைக்கு வெளியே இருந்தது. அங்கே 74 குழந்தைகளும் 10 ஊழியர்களும் இறந்தார்கள். கமாய்ஷியிலும் பள்ளி எல்லைக்கு வெளியேதான். அங்கே பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: கணிப்பை நம்பி நிற்காதே, உன்னால் முடிந்ததையெல்லாம் செய், நீ முதலில் ஓடு. குறித்த இடத்தை அடைந்தும் நிற்காமல் இன்னும் மேலே ஏறிய அந்தப் பிள்ளைகள் தப்பினார்கள். எங்கள் திட்டத்திலும் ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் அடுத்து இன்னும் உயரமான ஓர் இடம் எழுதியிருக்கிறது.

ஒத்திகை மாலையில் இருட்டியபின் நடந்தது. சக்கர நாற்காலி தங்குமிடத்தின் வாசல் படியில் நின்றுவிட்டது. பூட்டின் சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது, அவர் அன்று ஊரில் இல்லை. இப்போது படியருகே சரிவுப் பலகை இருக்கிறது, சாவி மூன்று வீடுகளில் இருக்கிறது. வடிகால் வாயில் ஒருவழிக் கதவு போடக் கேட்டு, அளவுகளோடும் படங்களோடும் மனு கொடுத்திருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்தக் கடைசித் தெருவில் மறுபடி ஒரு ஒத்திகை வைக்கிறோம், இந்த முறை தண்ணீர் பின்பக்கத்திலிருந்து வருவதாக வைத்துக்கொண்டு.