மிக்ஸி போன மேற்கு, போக வேண்டிய கிழக்கு

கொலம்பியாவோட தலைநகர் போகோட்டாவுல வேலை பாத்தப்ப நடந்த கூத்து இது. ராக்கிரா போறேன்னு ஆபீஸ்ல வாய விட்டேன், மண்பானைக்கு பேர்போன ஊரு, உடனே கூட வேலை பாக்குற பொண்ணு "அப்படியே எங்கம்மாகிட்ட இத குடுத்துடு"ன்னு ஒரு மிக்ஸி டப்பாவ கையில திணிச்சுட்டா. அட்ரஸ் கேட்டா "லா எஸ்பெரான்சா பண்ணை, கண்டெலாரியா, ராக்கிரா, போயகா". அவ்ளோதான். தெருவும் இல்ல, நம்பரும் இல்ல.

பேப்பர்ல பாத்தா எல்லாம் பக்காதான். போயகாங்குற மாகாணத்துல மட்டும் 123 முனிசிபாலிட்டி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு இலக்க கோடு, ராக்கிராவுக்கு 15600, அதுல முதல் 15 போயகாவ குறிக்கும். முனிசிபாலிட்டின்னதும் நான் டவுன்னு நெனச்சுட்டேன். சர்ச்சு, சதுக்கம், மேயர் ஆபீஸ், கலர் கலரா பெயிண்ட் அடிச்ச பானைக்கடைங்க இருக்குற நாலு தெருதான் டவுனு, அதுக்கு கபெசெரான்னு பேரு, கட்டில் தலைமாட்டுக்கும் அதே வார்த்தைதான். தலைமாட்ட விட்டு எறங்குனா மிச்ச உடம்பு பூரா வெரேதா வெரேதாவா மலையில நீட்டி படுத்துருக்கு. வெரேதாவ குக்கிராமம்னு வெச்சுக்கலாம், ஆனா பக்கத்து வீட்டுக்காரர கத்தி கூப்பிட்டா கேக்காது.

வழி கேட்டா "இந்தா இங்கதான் சுமெர்சே"ங்குறாங்க. சுமெர்சேன்னா கிட்டத்தட்ட 'எசமான்' மாதிரி, அந்த ஊர்ல பால்காரர்லருந்து பேரப்புள்ள வரைக்கும் எல்லாரும் எசமான்தான். இவ்ளோ மரியாதையா சொல்றாங்களேன்னு நம்பி நடந்தா ஒன்றரை மணி நேரம் மேடு, மிக்ஸியோட.

ஒரு வழியா கேட்டுல லா எஸ்பெரான்சான்னு போர்டு! ஒரு அம்மா வந்தாங்க. "போகோட்டாலருந்து உங்க பொண்ணு குடுத்துவிட்டா"ன்னேன். அப்படியே கட்டிப்புடிச்சு, சுடச்சுட வெல்லத்தண்ணி, சீஸு, உருளைக்கெழங்கு சூப்புன்னு வயிறு வெடிக்குற வரைக்கும் போட்டாங்க. பெரிய சாதனை பண்ண நெனப்புல கெளம்பி பாதி மலை எறங்குனதும்தான் போன்ல சிக்னலே வந்துச்சு, கூடவே அந்த பொண்ணோட காலும். "எங்க இருக்க? அம்மா காலைலருந்து சமைச்சு வெச்சுட்டு ஒக்காந்திருக்காங்க!"

கண்டெலாரியாங்குற வெரேதா ரெண்டு இருக்காம்ங்க. கிழக்கு கண்டெலாரியா, மேற்கு கண்டெலாரியா. "அது எல்லாருக்கும் தெரியுமே"ங்குறா. எல்லாருக்கும்னா 15600-க்குள்ள பொறந்த எல்லாருக்கும்! எஸ்பெரான்சான்னா நம்பிக்கைன்னு அர்த்தம், பண்ணைக்கு அந்த பேர வெக்காத வெரேதாவ தேடித்தான் புடிக்கணும் போல. இந்த அம்மாவுக்கும் போகோட்டாவுல ஒரு பொண்ணு இருந்தது என் கெரகம். வெரேதாவுக்கு வெரேதா ஊர்க்கமிட்டி இருக்கு, 1958-லயே சட்டம் போட்டு வந்தது, அதோட தலைவருக்கு எந்த வீட்டு நாய் எதுன்னுகூட தெரியும். அவர கேக்காம போர்ட நம்புனேன் பாருங்க.

திரும்ப மேடு. குடுத்தத திருப்பி கேக்குறதுக்கு ஸ்பானிஷ்ல மரியாதையான வாக்கியம் யோசிச்சுக்கிட்டே ஏறுனேன். உள்ள மிக்ஸி ஓடுற சத்தம். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "ஓ, அந்த எஸ்பெரான்சாவா! நல்ல மிக்ஸிதான், சொல்லிடு"ன்னு ஜார கழுவி டப்பாவுல வெச்சு, எனக்கு ஒரு கிளாஸ் ஜூஸும் ஊத்துனாங்க.