ஊர்க் குணம்

கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதையாகப் பேசுவார்கள், மதுரைக்காரர்கள் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள் என்றெல்லாம் சொல்வோம். பாதி உண்மை, பாதி கிண்டல். புது ஊருக்குப் போகிறவனுக்குக் கொஞ்சம் உதவக்கூடச் செய்யும். சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை.

இதே பேச்சு சர்க்கார் பதிவேட்டில் ஏறினால் என்ன ஆகும்? சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்த 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் சாதியில் பிறந்தவர் திருடினாரா என்பது கேள்வியே இல்லை. கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் வீட்டில், இவர் அங்கே. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

சட்டம் 1952க்குள் நாடு முழுக்க ஒழிந்தது. புத்தி? எங்கள் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனால் போதும், கட்டட வேலைக்கு வந்து தகர ஷெட்டில் தங்கியிருக்கும் பீகார் பையன்களைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சொந்த மச்சானை இதுவரை ஒருத்தரும் விசாரித்ததில்லை.