கேபேஜ் ஹில் இறக்கமும் என் பழைய மோட்டார்ஹோமும்: எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்திய கதை

சென்ற அக்டோபரில் மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில், லா கிராண்டிலிருந்து பெண்டில்டனுக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஓரிகன் மாநிலத்தில் ஐ-84 நெடுஞ்சாலையில் கேபேஜ் ஹில் என்று லாரிக்காரர்கள் சொல்லும் இறக்கம் அது. 6 மைல் நீளம், 6 சதவீதச் சரிவு, ஏறத்தாழ 2000 அடி கீழே போக வேண்டும். பாதி வழியில் மனைவி, "என்னங்க, அடுப்பில் எதையாவது மறந்து வைத்துவிட்டோமா?" என்றாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. கருகியது பிரேக் லைனிங். தொடக்கத்தில் கால் பட்டாலே அடங்கிய வண்டி, கடைசி மைலில் பெடலைப் பாதி அழுத்தியும் அசட்டையாகவே உருண்டது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறினால் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகிப் போகும் என்று படித்திருக்கிறேன். அன்று அதைக் காலால் படித்தேன்.

வண்டி 1996ஆம் ஆண்டு மாடல், 34 அடி நீளம், என்ஜின் பின்னால். கம்மின்ஸ் 5.9 லிட்டர், 12 வால்வு, 230 குதிரைத்திறன். அலிசன் எம்டி3060 ஆறு கியர் ஆட்டோமேட்டிக். காற்று பிரேக். தண்ணீரும் டீசலும் சாமான்களும் சேர்த்து 22,000 பவுண்டு, அதாவது சுமார் 10 டன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கணக்குப் போட்டேன். 10 டன் எடை, 6 சதவீதச் சரிவு, மணிக்கு 40 மைல் வேகம். வேகம் ஏறாமல் இருக்க ஏதோ ஒன்று 105 கிலோவாட்டை விழுங்க வேண்டும். காற்றும் டயர் உருளலும் அதில் 30 வரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 75, முழுக்க டிரம்களின் தலையில். 1.5 கிலோவாட் மின்கெட்டில்கள் 50ஐ ஒன்பது நிமிடம் கொதிக்கவிட்டால் எவ்வளவு சூடோ அவ்வளவு.

டீசல் என்ஜினில் காற்று உள்ளே போகும் வழியை அடைக்கும் தகடு கிடையாது. அதனால் பெட்ரோல் வண்டியைப் போல ஆக்சிலரேட்டரை விட்டவுடன் அது இழுத்துப் பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக் செய்வதெல்லாம் டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தரும் சுழலி) பின்னால் புகைவழியை ஒரு தகட்டால் மூடுவதுதான். புகை போக வழியில்லாமல் பிஸ்டன் அழுத்தத்துக்கு எதிராகவே முட்டிக்கொண்டு உழைக்கும். நிமிடத்துக்கு 2500 சுற்றில், 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) எதிரழுத்தத்தில் இது சுமார் 50 கிலோவாட் என்று வந்தது. என்ஜினின் சொந்த உராய்வையும் சேர்த்தால் தேவையான 75ஐத் தொட்டுவிடும். தாளில் சரியாக இருந்தது.

லாரிகளில் தடதடவென்று சத்தம் போடுமே, அந்த ஜேக் பிரேக் வேறு ஜாதி. அது புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வையே திறந்து, அமுக்கிய காற்றை வெளியே விட்டுவிடும். அதைக் கண்டுபிடித்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ், என் என்ஜினின் மேல் பெயர் எழுதியிருக்கும் அதே மனிதர். 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் லாரியோடு இறங்கும்போது பிரேக் போய், சரக்கு ரயில் ஒன்றில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருக்கிறார். அந்தப் பயம் உள்ளேயே கிடந்து, 1961இல்தான் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பொருளாக வெளியே வந்தது. எனக்குக் கருகல் வாசனைக்கும் ஸ்பானருக்கும் இடையில் மூன்று வாரம்.

வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்று 350 டாலருக்குக் கிடைத்தது. தகடு ஒட்டாமல் திரும்பியது, தண்டில் ஆட்டம் இல்லை. அன்று மாலையே பூட்டிவிடலாம் என்றிருந்தவனைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். "வால்வு ஸ்பிரிங் எந்த ரகம் என்று பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். புகைக்குழாயில் அழுத்தம் ஏறினால், காற்றை உள்ளிழுக்கும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைப் பின்னாலிருந்து தள்ளித் திறக்கும். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் வால்வு திறந்து திறந்து இருக்கையில் அறையும். 60 பிஎஸ்ஐயைத் தாங்க அதற்கென்றே கனமான ஸ்பிரிங்குகள் உண்டு. என்னுடையவை அந்த ரகம் அல்ல.

நவம்பரின் இரண்டு சனிக்கிழமைகள் அதற்கே போயின. படுக்கையைத் தூக்கினால் அடியில் என்ஜின். மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு, படுக்கையறையில் மண்டியிட்டு என்ஜின் வேலை பார்ப்பது மோட்டார்ஹோம்காரனுக்கு மட்டுமே வாய்க்கும் பேறு. இந்த என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ராக்கர் மூடி. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டால், ஸ்பிரிங்கை எடுத்ததும் வால்வு கீழே விழாமல் பிஸ்டன் தலையிலேயே உட்கார்ந்துகொள்ளும். 1-6, 2-5, 3-4 என்று பிஸ்டன்கள் ஜோடியாகவே உச்சிக்கு வருவதால், மூன்று முறை என்ஜினைத் திருப்பினால் ஆறும் முடிந்துவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் மாற்றினால் போதும்.

வால்வின் கழுத்தைக் கவ்வியிருக்கும் அரைச்சில்லுகள் நகத்தளவுதான். என்ஜினுக்குள் இறங்கும் புஷ்ராட் துளைகளில் துணி அடைத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர் சொல்லியிருந்தார். ஐந்து சிலிண்டருக்கு அடைத்தேன். ஆறாவதில், இதோ முடிந்துவிட்டதே என்று விட்டேன். டிக் என்று ஒரு சத்தம். சில்லைக் காணவில்லை. காந்தக் கோலை விட்டு ஒன்றரை மணி நேரம் துழாவினேன். என்ஜினுக்குள் விழுந்திருந்தால் ஆயில் பேன் வரை இறக்க வேண்டும். கடைசியில் அது மெத்தை உறையின் மடிப்பில் கிடந்தது. கண்டுபிடித்தவள் மனைவி. அதைச் சொல்லிக்காட்டும் உரிமையும் அவளுடையது.

முடித்த பிறகு என்ஜின் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி வைத்தேன்: இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம்.

பிரேக்கைப் பூட்டும் வேலை இதற்குப் பிறகு விளையாட்டு. டர்போவின் வெளிவாயில் இருந்த வளைகுழாயைக் கழற்றி, அந்த இடத்தில் பிரேக்கை வைத்து, பட்டை கிளாம்ப்பால் இறுக்கினேன். பழைய கிளாம்ப் துருவேறி உடைந்தது, புதிது வாங்கினேன். குழாயில் சுற்றியிருந்த கண்ணாடியிழை உறைதான் இரண்டு நாள் என்னைச் சொறியவைத்தது. கையுறையோடு முழுக்கைச் சட்டையும் போடுங்கள்.

தகட்டை மூடும் சிலிண்டருக்குக் காற்று வண்டியிலிருந்தே எடுத்தேன். பிரேக் தொட்டிகளில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. துணைக் காற்றுக்கான கிளையில், அழுத்தக் காப்பு வால்வுக்கு அப்பால் இணைத்தால், என் குழாய் வெடித்தாலும் சக்கர பிரேக்குக்கான காற்று மிஞ்சும். அந்தக் காற்றை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு, பியூஸ், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்போது தகடு மூடாமலிருக்க, டீசல் பம்பின் நெம்புகோல் அருகே ஒரு மைக்ரோ சுவிட்ச்.

டிசம்பர் முதல் வாரம், வீட்டுக்கு அருகிலிருந்த சிறிய இறக்கத்தில் முதல் சோதனை. சுவிட்சைப் போட்டேன். பின்னாலிருந்து ஒரு உறுமல், வண்டி சற்றே இழுத்தது, அவ்வளவுதான். உறுமல் தேய்ந்தது, வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. கண்ணாடியில் பார்த்தால் கரும்புகை வேறு. புகைக்குக் காரணம் உடனே புரிந்தது. மைக்ரோ சுவிட்ச் கொஞ்சம் முந்திக்கொண்டு, டீசல் இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே வழியை அடைத்திருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினேன், சரியாயிற்று.

பிடிப்பு இல்லாததற்குக் காரணம் தேட ஒரு வாரம் பிடித்தது. எதிரழுத்தம் பார்க்க ஒரு மீட்டர் மாட்டினேன் (சூட்டில் மீட்டர் சாகாமலிருக்க நடுவில் சில அடி செப்புக் குழாயைச் சுருட்டி விட்டேன்). 2300 சுற்றில் 30 பிஎஸ்ஐதான் காட்டியது. சோப்புத் தண்ணீர் அடித்ததில் சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் டர்போவும் சேரும் இடத்தில் குமிழி வந்தது. காஸ்கெட்டை மாற்றினேன். 52 ஆயிற்று. அப்போதும் உறுமல் தேய்ந்தபடியேதான் இருந்தது.

இந்தப் பாடத்தைத்தான் நான் முதலில் கற்றிருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் என்ஜினையும் சக்கரத்தையும் இணைப்பது டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய். எதிரெதிரே வைத்த இரண்டு மேசை விசிறிகளில் ஒன்று சுழன்றால் மற்றதும் சுழலுமே, அந்த மாதிரி உறவு. அதற்குள் ஒரு லாக்கப் கிளட்ச் இருக்கிறது. அது பிடித்தால்தான் இரண்டும் ஓருடலாகும். நான் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கியர்பாக்ஸ் லாக்கப்பை விட்டுவிடுகிறது. என்ஜின் தன் பங்குக்கு முக்கிக்கொண்டு நிற்கிறது, அதன் கையைப் பிடித்துக்கொள்ளச் சக்கரங்கள் அங்கே இல்லை. லாக்கப்பே இல்லாத அலிசன் ஏடி545 வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கும் முன் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நல்ல பிரேக் வாங்கினாலும் அங்கே பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

எம்டி3060க்குக் கணினி இருப்பது என் அதிர்ஷ்டம். 'பிரேக் கேட்கிறார்கள்' என்று அதற்கு ஒரு கம்பி வழியாகச் சொல்ல வேண்டும். 'சரி, போடலாம்' என்று அது சொன்ன பிறகே சொலினாய்டுக்கு மின்சாரம் போக வேண்டும். நானோ சுவிட்சிலிருந்து நேராக சொலினாய்டுக்கு இழுத்திருந்தேன். வயரிங்கைப் பிரித்து ரிலே வைத்து மாற்றினேன். கணினியில் அந்த வசதியை இயக்கிக் கொடுப்பது மட்டும் கியர்பாக்ஸ் பணிமனையின் வேலை. காத்திருந்தது மூன்று மணி நேரம், வேலை இருபது நிமிடம்.

இப்போது சுவிட்சைப் போட்டால் கியர் பலகையில் 6 மறைந்து 2 வருகிறது. உடனே இரண்டாவது கியர் விழுந்துவிடாது. வேகம் இறங்க இறங்க 5, 4, 3 என்று தானே படியிறங்கும், லாக்கப்பும் விடாது. முதல் முறை என்ஜின் 2300 சுற்றுக்கு எகிறியபோது மனைவி இருக்கைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்திருப்பேன், ஸ்டியரிங் கையில் இருந்தது.

பனியும் ஈரமும் விலகட்டும் என்று ஏப்ரல் வரை காத்திருந்தேன். எக்ஸாஸ்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். வழுக்கும் சாலையில் அதை அணைத்துவைப்பதுதான் புத்தி.

மறுபடி கேபேஜ் ஹில். உச்சியிலேயே 40க்குக் குறைத்து மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டேன். எதிரழுத்த மீட்டரில் 55. முதல் இரண்டு மைல் பெடலைத் தொடவில்லை. சரிவு கூடிய இரண்டு இடங்களில் என்ஜின் சுற்றைக் காட்டும் முள் 2500ஐ எட்டப் பார்த்தது. மலை தள்ளும்போது, சுற்றைக் கட்டுப்படுத்தும் என்ஜின் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. பெரியவர் சொன்னபடி, பெடலை அழுத்தமாக மிதித்து வேகத்தை மணிக்கு 5 மைல் குறைத்து, முழுதாக விட்டேன். லேசாக மிதித்தபடியே வருவதுதான் டிரம்மைக் கருக்கும். கீழே வரும் வரை ஆறு முறை மிதித்திருப்பேன்.

பெண்டில்டனில் நிறுத்தி ஒவ்வொரு டிரம்முக்கும் வெப்பமானியைக் காட்டினேன். பின்பக்கம் அதிகபட்சம் 170 டிகிரி ஃபாரன்ஹீட், முன்பக்கம் அதற்கும் கீழே. மனைவி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தாள்.

இரண்டு வேலை பாக்கி. எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கும்போது பின்விளக்கு எரிவதில்லை, அதற்கு ஒரு ரிலே வேண்டும். தகட்டின் தண்டு சூடு ஆறியதும் கிறீச்சிடுகிறது. வெப்பம் தாங்கும் மசகு போட்டுப் பார்க்க வேண்டும்.