குடிநோய்க்கு மருத்துவம் உள்ளூரிலேயே தொடங்கட்டும்

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில், குடியிலிருந்து ஒருவரை மீட்க வேண்டும் என்று முடிவானதும் முதலில் எழும் பேச்சு, நம்மைத் தெரியாத ஊரில் எங்காவது சேர்த்துவிடலாம் என்பதுதான். பல்லடம் அருகே விசைத்தறி ஓட்டும் என் சித்தப்பா மகனுக்குச் சிகிச்சை தேடியபோதும் அப்படித்தான் பேசினார்கள். "ஒறம்பரைக்கு (உறவினருக்கு) தெரிஞ்சா நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க முடியுங்களா?" என்று சித்தி கேட்டார். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவன் குடிக்காமல் வாழ்ந்தாக வேண்டியது, சனிக்கிழமை கூலியை வாங்கிக்கொண்டு டாஸ்மாக் கடையைக் கடந்து வீடு திரும்பும் இதே ஊரில்தான். தொலைவில் எங்கோ பெறும் சிகிச்சை முடிந்த மறுநாள், அவனுக்குத் துணையாக இங்கே ஒரு மருத்துவரும் ஒரு குழுவும் இல்லையென்றால், செலவழித்த பணமும் பட்ட பாடும் பெரும்பாலும் வீணாகிவிடும்.

பலருக்கும் தெரியாத ஒரு செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் சிலர் இல்லாத உருவங்களைப் பார்த்து, இடமும் காலமும் அறியாமல் குழம்பிப்போவார்கள். கோயிலில் கயிறு கட்டியோ, பழனிக்கோ சபரிமலைக்கோ மாலை போட்டோ குடியை விட்டவர் இரண்டாம் நாள் இரவு இப்படிப் பிதற்றினால், காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துச் செல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கயிற்றின் மீதான நம்பிக்கையை நான் மறுக்கவில்லை, அது தரும் மன உறுதி பெரிது. கயிறு கட்டுவதற்கு முன்பு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளும், மூளையைக் காக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் எளிதில் கிடைப்பவை.

அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கோவை, திருப்பூர், சேலம், பெருந்துறை ஆகிய ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவப் பிரிவுக்குச் சென்று, குடிப்பழக்கத்துக்கு வந்திருக்கிறோம் என்று தயங்காமல் சொல்லலாம். போதைக்காக வலி மாத்திரை எடுக்கும் இளைஞர்களையும் அங்கேயே அழைத்துச் செல்லலாம், அவர்களுக்கான மருந்துகள் வேறு. நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் "நட்புடன் உங்களோடு" மனநல சேவையைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

தனியார் மையங்களைத் தேடுவோர் சற்று நிதானிக்க வேண்டும். நாங்கள் விசாரித்த ஒரு மையத்தில், வண்டி அனுப்பித் தூக்கி வந்துவிடுகிறோம், மூன்று மாதத்துக்கு யாரும் பார்க்க வரக்கூடாது என்றார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி இத்தகைய மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம். சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால் மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அந்த முதல் அனுமதியும் 30 நாள்களுக்கு மேல் செல்லாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், மருத்துவர் எந்த நேரத்தில் வருவார் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் மருந்துகளை வாங்கவே வாங்காதீர்கள். அவற்றில், குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அதன்மேல் குடிப்பவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மருந்தை, அவர் அறிந்து ஒப்புக்கொண்ட பிறகு மருத்துவர் மட்டுமே தர வேண்டும்.

மருத்துவமனை வாரங்களைவிட அதன் பிறகு வரும் மாதங்களே கடினமானவை. அப்போதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. கூட்டங்களின் அருமை தெரியும். 1935இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் தொடங்கிய இந்த அமைப்புக்குக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. பெயரும் ஊரும் வெளியே போகாது என்பதால், மானத்துக்கு அஞ்சும் நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன். குடிப்பவரின் மனைவி, பெற்றோர் போன்றோருக்கு அல்-அனான் என்ற தனிக்குழு உண்டு. சித்தியை அங்கே அனுப்பத்தான் எங்களுக்கு அதிகப் பாடாயிற்று. நோய் அவனுக்குத்தானே, நான் ஏன் வர வேண்டும் என்றார். இப்போது அவன் வேலை நிமித்தம் போக முடியாத வாரங்களிலும் அவர் தவறாமல் போகிறார், கூலி நாளன்று மாலை தறிக்குடோன் வாசலுக்கே சென்று அவனோடு பேசிக்கொண்டு வீடு திரும்புகிறார்.