துவக்கின் குழல்முனையில் எதைப் பூட்டுவது?

கனடாவில் மான் வேட்டைக்குச் செல்லும் என் சித்தப்பாவின் மகன், புதிதாக வாங்கிய, .308 ரகத் தோட்டாவைச் சுடும் றைபிளின் குழல்முனையில் எதைப் பூட்டலாம் என்று நேற்றிரவு திருகோணமலைக்கு அழைத்துக் கேட்டான்.

வெடியோசையை மட்டுப்படுத்தும் சைலன்சர் அங்கே தடைசெய்யப்பட்ட சாதனம் என்பதால் அந்தப் பேச்சு உடனே முடிந்தது. ஃபிளாஷ் ஹைடர் வெடிவாயுவைச் சிதறடித்துத் தீப்பிழம்பைக் குறைக்குமே தவிர, சுடும்போது துவக்கு தோளில் தரும் உதையைப் பெரிதாகத் தணிக்காது. பகலில் சுடுபவனுக்கு அதனால் பயன் குறைவு. மசில் பிரேக் அப்படியன்று. குழலிலிருந்து பாயும் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்பி, துவக்கைச் சற்று முன்னே இழுப்பதனால், தோளில் விழும் உதை கணிசமாகக் குறைகிறது. ஆனால், அதே வாயு வெடியோசையையும் சுடுபவனின் காதுக்கும் அருகில் நிற்பவனின் காதுக்கும் கூடுதலாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. திடீர் வெடியோசைக்கு 140 டெசிபலையே செவியின் ஆபத்தெல்லையாகக் கொள்கிறார்கள். பிரேக் இல்லாமலே இத்தகைய றைபிள் அதைத் தாண்டிவிடும்.

படகு இயந்திரத்தின் இரைச்சலில் செவி மங்கிப்போன அப்பாவோடு இன்றும் உரத்தே பேசும் எனக்கு, அந்தக் காதுகள்தாம் முதலில் நினைவுக்கு வந்தன. உதையைத் தாங்கும் தோள் அவனுக்கு உண்டு. ஆகவே, குழல்முனையின் திருகுப்புரியைக் காக்கும் மூடியை மட்டும் போட்டுவிட்டு, அந்தப் பணத்தில் நல்ல காதுக்கவசம் வாங்கு தம்பி என்றேன்.